பயனீட்டாளர் கேள்வி-பதில்: பைன் ஊசியிலை எண்ணெய், தேநீர், தரைத் திரவம்

பைன் ஊசியிலையை மூலப்பொருளாகக் கொண்ட பொருள்கள் அண்மைக் காலமாகக் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் வீட்டு வாசல் வரை வந்து சேர்வதால், அவற்றைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கே இம்முறை பதில் தருகிறோம்.

கேள்வி (பட்டர்வொர்த் வாசகி): தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்கு வந்து, கொரியச் சிவப்பு பைன் ஊசியிலை எண்ணெய் கேப்சூல்களை என் மாமியாரிடம் விற்றுச் சென்றுள்ளார். உணவுப் பொட்டலத்துக்குப் பயன்படும் வெள்ளைப் போலிஸ்திரின் துண்டின் மீது ஒரு கேப்சூலின் எண்ணெயை ஊற்றிக் காட்டினார். துண்டு கண்முன்னே கரைந்தது. இரத்தக் குழாயில் படிந்த கொழுப்பும் இப்படித்தான் கரையும் என்றார். மாமியாருக்கு இனிப்புநீரும் இரத்த அழுத்தமும் உண்டு. இதைச் சாப்பிட்டால் கிளினிக் மருந்தை நிறுத்திவிடலாமா என்று கேட்கிறார். மூன்று மாதத்துக்கான பெட்டிக்கு ஏறக்குறைய ஆயிரம் வெள்ளி கொடுத்துவிட்டோம்.

பதில்: மருந்தை ஒரு நாள்கூட நிறுத்த வேண்டாம் என்று மாமியாரிடம் இன்றே சொல்லுங்கள். அடுத்த முறை அரசாங்கக் கிளினிக்குக்குச் செல்லும்போது அந்தப் பெட்டியைக் கொண்டுபோய் மருந்தாளுநரிடம் காட்டுங்கள். ஏற்கெனவே எடுக்கும் மருந்துகளோடு இதைச் சேர்த்து உண்ணலாமா என்று சொல்ல வேண்டியவர் அவர்தான், விற்பனையாளர் அல்லர்.

நீங்கள் பார்த்தது ஏமாற்று வித்தை அல்ல. போலிஸ்திரின் உண்மையிலேயே கரைந்தது. ஆனால் அதற்கு அவர் சொன்ன விளக்கம் தவறு. பைன் எண்ணெயில் பைனீன் முதலிய டெர்ப்பீன் வகைச் சேர்மங்கள் நிறைந்துள்ளன. அவை நல்ல கரைப்பான்கள். அந்த வெள்ளை நுரைத் துண்டின் பெரும்பகுதி காற்றாக இருப்பதால், மெல்லிய பிளாஸ்டிக் சுவர்கள் கரைந்தவுடன் துண்டே மறைந்துவிட்டது போலத் தோன்றுகிறது. ஆரஞ்சுத் தோலைப் பிழிந்தெடுத்த எண்ணெயும் அதைக் கரைக்கும், பெட்ரோலும் கரைக்கும். இரத்தக் குழாய் அடைப்போ, குழாயின் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு அன்று. அது குழாய்ச் சுவருக்குள்ளேயே கொழுப்பு, நார்த்திசு, சில வேளைகளில் சுண்ணாம்புச் சத்து ஆகியவை சேர்ந்து பல ஆண்டுகளாக வளர்ந்த தடிப்பு. விழுங்கிய எண்ணெயோ குடலையும் கல்லீரலையும் கடந்து மாற்றம் அடைந்த பிறகே இரத்தத்துக்குப் போகிறது. ஆகவே, மேசை மேல் நடந்த கரைப்பைக் காட்டி உடலுக்குள் நடப்பதைச் சொல்ல முடியாது. நோயாளியின் அச்சத்தைப் பயன்படுத்தி விற்கும் இத்தகைய செய்முறை விளக்கங்களை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன்.

விற்பனையாளர்கள் பைன் மரப்பட்டைச் சாறு பற்றிய ஆய்வுகளையும் எடுத்துக் காட்டுவது உண்டு. பட்டை வேறு, ஊசியிலை எண்ணெய் வேறு. அந்தப் பட்டைச் சாற்றைப் பற்றிய ஆய்வுகளையும் 2020-இல் காக்ரேன் என்னும் பன்னாட்டு மருத்துவ ஆய்வு அமைப்பு தொகுத்து ஆராய்ந்தபோது, நாட்பட்ட நோய்களுக்கு அது பலன் தருகிறது என்று உறுதியாகச் சொல்லப் போதிய சான்று கிடைக்கவில்லை.

அடுத்ததாகப் பெட்டியைப் பாருங்கள். பாரம்பரிய மருந்தாகவோ சத்துத் துணைப் பொருளாகவோ மலேசியாவில் விற்கப்படும் கேப்சூல்கள் மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். ‘எம்ஏஎல்’ (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும், பாதுகாப்பு ஹாலோகிராம் ஒட்டியும் பெட்டியில் இருக்கும். எண்ணின் இறுதியில் ‘டி’ (T) இருந்தால் பாரம்பரிய மருந்து, ‘என்’ (N) இருந்தால் சத்துத் துணைப் பொருள். தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் இணையத்தளத்தில் அந்த எண்ணைத் தேடி, பெயரும் தயாரிப்பாளரும் பெட்டியில் உள்ளவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்கலாம். எனினும், பாரம்பரிய மருந்துக்குப் பதிவு எண் இருப்பதால் அது நோயைக் குணப்படுத்தும் என்று அரசாங்கம் உறுதி அளித்துவிட்டதாகக் கொள்ளக் கூடாது. பாதுகாப்பும் தரமும் பார்க்கப்பட்டுள்ளன என்பதே அதன் பொருள். 1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம், இனிப்புநீர், உயர் இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய், புற்றுநோய் உட்பட 20 நோய்களைக் குணப்படுத்துவதாக எந்தப் பொருளையும் பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. அவர் கொடுத்த துண்டறிக்கையில் அப்படி ஏதேனும் எழுதியிருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வந்த செய்தியாக இருந்தால் படம் பிடித்து வையுங்கள்.

பணத்தைத் திரும்பப் பெற வழி உண்டு. வீடு தேடி வந்து செய்யும் விற்பனை 1993-ஆம் ஆண்டின் நேரடி விற்பனைச் சட்டத்துக்கு உட்பட்டது. அச்சட்டத்தின் கீழ் எழுதப்படும் ஒப்பந்தத்தை 10 வேலை நாள்களுக்குள் எழுத்து மூலம் அறிவித்து ரத்து செய்யலாம். எனவே காலம் தாழ்த்தாமல் இவ்வாரமே கடிதம் அனுப்புங்கள், மீதிக் கேப்சூல்களைத் திறக்காமல் வையுங்கள். விற்பனையாளர் மறுத்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் ஐந்து ரிங்கிட் கட்டணம் செலுத்தி, முதலாம் பாரத்தை நிரப்பி வழக்குத் தொடுக்கலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை மன்றம் விசாரிக்கும், வழக்கறிஞர் தேவையில்லை. உடலுக்கு ஏற்பட்ட பாதிப்புக்கான இழப்பீட்டை அங்கே கோர முடியாது. பினாங்கில் இருப்பதால் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தின் உதவியையும் நாடலாம். கடிதம் எழுதத் தயங்குபவர்களுக்கு அந்தச் சங்கம் பல்லாண்டுகளாகத் துணை நின்று வருகிறது.

கேள்வி (செந்தூல் வாசகர்): உலர்ந்த பைன் ஊசியிலைத் தேநீர் இணையத்தில் விற்கிறார்கள். வைட்டமின் சி மிகுதி என்றும், கிருமிகளை முறிக்கும் மருந்துப் பொருள் அதில் இயற்கையாகவே உள்ளது என்றும் சொல்கிறார்கள். வாங்கலாமா? எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு வாசலில் நிற்கும் ஊசியிலை மரத்திலிருந்தே பறித்துக்கொள்ளலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனெனில் அதில்தான் ஆபத்து உள்ளது. பறிக்காதீர்கள். தீபகற்ப மலேசியாவின் காடுகளில் பைன் இயற்கையாக வளர்வதில்லை. நம் கடற்கரைகளில் ஊசி போன்ற கிளைகளோடு நிற்பது சவுக்கு மரம், மலாய் மொழியில் ‘ரூ’ எனப்படுவது. குடியிருப்பு வாசல்களில் அடுக்கடுக்காகக் கூம்பு வடிவில் வளர்வது பெரும்பாலும் நோர்ஃபோக் தீவு மரம். வேலியாக வெட்டிவிடப்படும் அடர்த்தியான செடி போடோகார்ப்பஸ் ஆக இருக்கலாம். இவை எவையும் பைன் அல்ல. உண்மையான பைனில் ஊசிகள் இரண்டு, மூன்று அல்லது ஐந்தாக ஒரே அடியுறையில் கொத்தாக நிற்கும். தட்டையான இலைகள் தனித்தனியாக நின்றால் அது வேறு மரம். குளிர்நாடுகளில் அத்தகைய இலை கொண்ட யூ மரம் உயிரைப் பறிக்கும் நஞ்சு உடையது. தவிரவும், பொது இடத்து மரங்களுக்குப் பூச்சிக்கொல்லி அடித்தார்களா என்பதை நீங்கள் அறிய வழியில்லை.

இனி தேநீருக்கு வருவோம். பசுமையான பைன் ஊசியிலையில் வைட்டமின் சி இருப்பது உண்மை. இரண்டாம் உலகப் போரில் லெனின்கிராட் நகரம் முற்றுகையில் தவித்தபோது, வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயைத் தடுக்க ஊசியிலைச் சாற்றையே மக்களுக்குக் கொடுத்தார்கள். 1535-36 குளிர்காலத்தில் கனடாவில் சிக்கிய ஷாக் கார்ட்டியே என்னும் பிரெஞ்சுக் கடற்பயணியின் மாலுமிகளைப் பழங்குடியினர் ஒரு மரத்தின் கஷாயத்தால் காப்பாற்றிய வரலாற்றையும் விற்பனையாளர்கள் சொல்வார்கள். அந்த மரம் பைன்தான் என்பது உறுதியாகவில்லை. வெள்ளைச் சிடார் என்று கருதுபவர்களே மிகுதி. இவையெல்லாம் வேறு காய்கனி கிடைக்காத இடங்களில் நடந்தவை. வைட்டமின் சி வெப்பத்தாலும் வெளிச்சத்தாலும் உலர்த்துவதாலும் குறையும் என்பதால், மாதக்கணக்கில் பொட்டலத்தில் கிடந்த இலையில் எவ்வளவு மிஞ்சும் என்று எண்ணிப் பாருங்கள். மலேசியப் பரிந்துரைப்படி பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 70 மில்லிகிராம் வைட்டமின் சி போதும். பீடோர் கொய்யாப்பழம் ஒன்றை நறுக்கித் தின்றால் அந்தத் தேவை தீர்ந்துவிடும்.

கிருமி முறிக்கும் பொருள் என்ற செய்தி 2021-இல் புலனம் வழியாகப் பரவியது. சுராமின் என்னும் மருந்து ஊசியிலையில் உள்ளது என்பதே அதன் சாரம். சுராமின் ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்ட செயற்கைச் சேர்மம், ஆப்பிரிக்காவின் தூக்க நோய்க்கு ஊசி வழியாகச் செலுத்தப்படுவது. அது எந்த இலையிலும் விளைவதில்லை. ஷிகிமிக் அமிலம் ஊசியிலையில் உண்டு. நாம் பிரியாணியில் போடும் அன்னாசிப்பூவிலும் உண்டு. ஃப்ளூ மருந்து தயாரிக்க அது மூலப்பொருளாகிறதே ஒழிய, அதுவே மருந்தாகிவிடாது.

மணத்துக்காக எப்போதாவது ஒரு குவளை பருக விரும்பினால், தாவரப் பெயரும், விளைந்த நாடும், காலாவதித் தேதியும், இறக்குமதியாளரின் முகவரியும் அச்சிடப்பட்ட பொட்டலத்தை மட்டும் வாங்குங்கள். விற்பனையாளரின் பெயரும் வணிகப் பதிவு எண்ணும் தொடர்பு விவரமும் இல்லாத இணையப் பக்கத்தில் வாங்க வேண்டாம். அவற்றைக் காட்டுவது சட்டப்படி அவருடைய கடமை. கர்ப்பிணிகள் இத்தேநீரை அறவே தவிர்க்க வேண்டும். பொண்டெரோசா போன்ற சில பைன் வகைகளின் ஊசியிலையைத் தின்ற மாடுகளுக்குக் கருச்சிதைவு ஏற்படுவதும், ஐசோகுப்ரெசிக் அமிலம் அதற்குக் காரணம் என்பதும் நன்கு அறியப்பட்டவை.

கேள்வி (தஞ்சோங் பூங்கா வாசகி): கிறிஸ்துமஸுக்கு வாங்கிய இறக்குமதி மரத்தின் இலைகளைச் சமையலுக்குப் பயன்படுத்தலாமா? கொரியர்கள் பலகாரத்தை ஊசியிலை மேல் வைத்து அவிப்பதைப் பார்த்தேன்.

பதில்: வேண்டாம். அறுவடைத் திருநாளுக்குக் கொரியர்கள் சொங்பியொன் என்ற அரிசிப் பலகாரத்தைப் பைன் ஊசியிலை பரப்பிய தட்டில் அவிப்பது உண்மை. ஆனால் நமக்கு வரும் கிறிஸ்துமஸ் மரங்கள் பெரும்பாலும் ஃபர் வகை. அலங்காரத்துக்காக வளர்க்கப்பட்ட அவற்றில் உணவுக்கு உகந்த தரம் பேணப்படுவதில்லை.

கேள்வி (ஆயர் ஈத்தாம் வாசகி): ‘பைன்’ மணமுள்ள தரை துடைக்கும் திரவத்தில் உண்மையான பைன் எண்ணெய் இருக்கிறதா? வீட்டில் பூனை வளர்க்கிறோம்.

பதில்: பெரும்பாலும் அது வாசனை மட்டுமே. சேர்மானப் பட்டியலில் பைன் எண்ணெய் என்று விழுக்காட்டோடு குறிப்பிடாமல், வெறும் நறுமணம் என்று எழுதியிருந்தால், பச்சை நிறத்துக்கும் மரப் படத்துக்கும் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. எண்ணெய் உள்ள திரவம் நீரில் ஊற்றியதும் பால் போல வெளுக்கும் என்பார்கள். அதையே சான்றாகக் கொள்ளாதீர்கள், ஏனெனில் வேறு பொருள்களைச் சேர்த்தும் அந்த வெண்மையை உண்டாக்கலாம். உங்கள் வீட்டுக்கு நான் பரிந்துரைப்பது மணமற்ற திரவமே. டெர்ப்பீன், ஃபீனால் வகைப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. ஈரத் தரையில் நடந்த பாதத்தை நக்கும்போது அவை பூனையின் வயிற்றுக்குள் போய்விடும். எந்தத் தரைத் திரவத்தையும் குளோராக்ஸ் வகை வெளுப்பானோடு கலக்கவே கூடாது.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ் வாசகி): பட்டுச் சேலை அலமாரியில் அந்துருண்டைக்குப் பதிலாக உலர்ந்த பைன் ஊசியிலைப் பைகளை வைக்கலாமா?

பதில்: அந்துருண்டையை விட வேண்டும் என்ற உங்கள் எண்ணம் சரியானது. நாஃப்தலின் உருண்டைகளின் ஆவி, ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். ஆனால் ஊசியிலைப் பை பூச்சியைத் தடுக்கும் என்று நம்பி வாங்காதீர்கள். மணம் சில வாரங்களில் தேய்ந்துவிடும். நம் ஊர் ஈரப்பதத்தில் சரியாக உலராத இலை பூசணம் பிடித்து, கறையைச் சேலையில் ஏற்றிவிடும். அந்தப் பணத்துக்கு ஈரம் உறிஞ்சும் பெட்டி ஒன்று வாங்கி அலமாரியின் அடித்தட்டில் வையுங்கள். சேலைகளைப் பருத்தித் துணியில் சுற்றி, அவ்வப்போது நிழலில் காற்றாட விரித்து, மடிப்பை மாற்றி வையுங்கள். மணமும் வேண்டும் என்றால் பையைக் கதவின் உட்புறம், துணியில் படாதவாறு தொங்கவிடுங்கள்.