மூன்றும் சமம் என்றால் இரண்டு சமமில்லையா?

அன்புள்ள ஐயா,

சமபக்க முக்கோணம் ஓர் இருசமபக்க முக்கோணமும்தான் என்று ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள் பரீட்சையில் எழுதினாள். தவறு என்று போட்டுவிட்டார்கள். இரண்டு நாளாக முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். சமாதானப்படுத்தலாம் என்று வாசலில் புள்ளி வைத்து ஒரு சமபக்க முக்கோணம் போட்டேன். ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு, "இதுவும் தப்பும்மா" என்கிறாள்.

வாசகி, மேலூர்

அன்புள்ள அம்மா,

மார்க் விஷயத்தில் நான் உங்கள் மகள் கட்சி. இருசமபக்கம் என்றால் 'குறைந்தது இரண்டு பக்கம் சமம்' என்பதே இன்று கணிதத்தில் பெரும்பாலும் வழங்கும் வரையறை. இதில் ஒரு வசதியும் உண்டு. சம பக்கங்களுக்கு எதிரே உள்ள கோணங்கள் சமம் என்று இருசமபக்கத்துக்கு ஒரு தடவை நிறுவிவிட்டால், சமபக்கத்துக்குத் தனியாக மெனக்கெட வேண்டாம். இரண்டிரண்டு பக்கமாக எடுத்துப் பார்த்தாலே மூன்று கோணமும் 60 பாகை என்று வந்துவிடும்.

ஆசிரியரையும் திட்டிவிடாதீர்கள். சுமார் 2300 வருஷத்துக்கு முன் யூக்ளிட் 'இரண்டு மட்டும் சமம்' என்றுதான் எழுதி வைத்தார். அவரிடம் சமபக்கம், இருசமபக்கம், அசமபக்கம் மூன்றும் தனித்தனி. அடுத்த தடவை வரையறையை முதலில் எழுதிவிட்டு விடையை எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம், கோலம். உங்கள் கையில் கோளாறு இல்லை. நேர்ப்புள்ளியில் சமபக்க முக்கோணம் வரவே வராது. புள்ளிகளை மூலையாக வைத்து எந்த முக்கோணம் போட்டாலும், புள்ளி இடைவெளியை 1 என்று கொண்டால், அதன் பரப்பு முழு எண்ணாகவோ அரையோடோதான் வரும். சமபக்கத்தின் பரப்பிலோ மூன்றின் வர்க்கமூலம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அது அப்படி அடங்காது.

புள்ளிக்குப் புள்ளி ஒரு அங்குலம் என்று வையுங்கள். அடி 4, உச்சி நடுவில் 4 உயரத்தில் என்றால் சாய்ந்த பக்கம் கிட்டத்தட்ட நாலரை. உச்சியை ஒரு வரிசை இறக்கினால் 3.6. அடி 8, உயரம் 7 என்று போட்டுப் பாருங்கள்: 8.06. மாவுக்கோட்டின் தடிப்பிலேயே அந்த வித்தியாசம் மறைந்துவிடும். ஆனாலும் இருசமபக்கம்தான், மகளிடம் ஏமாற்ற வேண்டாம்.

இடுக்குப் புள்ளியில், அதாவது இரண்டு புள்ளிக்கு நடுவில் அடுத்த வரிசைப் புள்ளி வரும்படி வைத்தால், சமபக்கம் வரும், வரிசைகளைச் சற்று நெருக்கி வைத்தால். அங்கேயும் ஏறக்குறைய அதே 8-க்கு 7 கணக்கு: புள்ளிக்குப் புள்ளி 8 என்றால் வரிசைக்கு வரிசை 7. இங்கே மதுரையில் எங்கள் எதிர்வீட்டு அப்பத்தா அதைக் கண்ணளவிலேயே வைப்பார். போன மார்கழியில் ஸ்கேலும் கையுமாகப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "கோலத்த மிதிக்காம தள்ளிப் போப்பா" என்று விரட்டிவிட்டார்.