வார இறுதி சர்டிபிகேட் வாங்கினால் கிளையன்ட் திரும்ப வருவாரா?

கேள்வி: எம்.எஸ்ஸி. உளவியல் முடித்துவிட்டு நான்கு ஆண்டுகளாகத் திருச்சியில் கவுன்சலிங் செய்கிறேன். பலர் இரண்டு, மூன்று செஷனோடு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். ‘அரசு அங்கீகாரம் பெற்ற’ நிறுவனம் ஒன்று இரண்டு வார இறுதிகளில் மூன்று தெரபிகளுக்கு சர்டிபிகேட் தருகிறதாம். கட்டணம் 28,000 ரூபாய். சேரலாமா?

பதில்: வேண்டாம். பணத்தைக் கட்டுவதற்கு முன்பே கேட்டீர்களே, நல்லது.

முதலில் அந்த ‘அரசு அங்கீகாரம்’ என்னவென்று பார்ப்போம். விளம்பரத்தின் அடியில் பெரும்பாலும் உத்யம் பதிவு எண் இருக்கும், பக்கத்தில் ஒரு ஐ.எஸ்.ஓ. முத்திரை இருக்கும். உத்யம் என்பது சிறு, குறு தொழில்களுக்கான பதிவு. மாவு மில் வைப்பவரும் ஆன்லைனில் இலவசமாக அதை எடுக்கலாம். தெரபி கற்றுத்தரும் தகுதிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இதைக் காட்டியே ஊர் ஊராக ஹோட்டல் ஹாலில் வகுப்பு நடக்கிறது; கேட்பார் இல்லை. ஆள் சேர்த்துவிடும் ஏஜென்டுக்குத் தனி கமிஷனும் இருக்கலாம். “இன்றைக்குள் கட்டினால் பாதிக் கட்டணம்” என்று எவராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள்.

காகிதம் அவசியமான இடமும் ஒன்று உண்டு. பெயருக்குப் பின்னால் ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’ என்று போட்டுக்கொள்ள ஆசை என்றால், அங்கே காகிதம்தான் எல்லாம். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ., அங்கீகரித்த கல்லூரியில் முழுநேரமாகப் படித்து, அதன் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். தனித்தனியாகப் பத்து சர்டிபிகேட் சேர்த்தாலும் அதற்கு ஈடாகாது. “எங்கள் கோர்ஸை முடித்தால் பின்னால் ஆர்.சி.ஐ. கிடைக்கும்” என்பார்கள், கிடைக்காது. கல்லூரியின் பெயர் ஆர்.சி.ஐ. இணையதளப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், அவர்கள் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். அங்கே பதிவு செய்தவர்களுக்கும் தொல்லை இல்லாமல் இல்லை. பதிவைப் புதுப்பிக்கத் தொடர்பயிற்சிப் புள்ளி சேர்க்க வேண்டும். கருத்தரங்கில் போய் உட்கார்ந்தால் புள்ளி வந்துவிடும். அதன்பின் கிளையன்ட் தேறினாரா என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை.

சரி, உங்கள் கவலைக்கு வருவோம். வருடம் கூடினால் திறமை தானாகக் கூடிவிடாது. அமெரிக்காவில் 170 தெரபிஸ்டுகளையும் 6,591 கிளையன்ட்களையும் வைத்து 2016-இல் வெளியான ஆய்வில், அனுபவம் ஏற ஏறப் பலன் சராசரியாக மிகச் சிறிதளவு குறைந்தே இருந்தது. ஒர்க்‌ஷாப் மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. போதைச் சிகிச்சையில் வேலை செய்யும் 140 பேருக்கு ஒரு பேச்சுமுறையைக் கற்றுத்தந்து பார்த்த 2004-ஆம் ஆண்டு ஆய்வில், தங்கள் செஷன் பதிவுக்குக் கருத்தோ தொடர் வழிகாட்டலோ கிடைத்தவர்களே கூடுதலாகத் தேறினார்கள்.

ஆகவே செஷனைப் பதிவு செய்யுங்கள். கிளையன்ட்டிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி, கேட்டு முடித்ததும் அழித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள். முழுவதையும் கேட்க வேண்டாம், நீங்கள் தடுமாறிய மூன்று நிமிடம் போதும். நம் ஊரில் அது பெரும்பாலும் இந்த இடமாகத்தான் இருக்கும்: “நீங்களே சொல்லுங்க மேடம், நான் அவரோட இருக்கணுமா, வேணாமா?” பதற்றத்தில் உடனே அறிவுரை சொல்லியிருப்பீர்கள். அங்கே பதிவை நிறுத்துங்கள். அறிவுரையும் கேள்வியும் இல்லாமல் ஒரே வாக்கியத்தில் வாய்விட்டுப் பதில் சொல்லுங்கள், இப்படி: “முடிவெடுக்கிற பாரத்தை யாராவது கொஞ்சம் வாங்கிக்கிட்டா தேவலைன்னு இருக்கு, இல்லையா?” அதையும் போனில் பதிந்து கேளுங்கள். குரலில் அவசரம் தெரிகிறதா? கேள்வி கேட்காதீர்கள் என்றேன், “இல்லையா” என்று நானே ஒட்டியிருக்கிறேன். அதை எடுத்துவிட்டு மறுபடி சொல்லுங்கள். வாரம் முழுக்க இந்த ஒரு இடத்தையே பழகுங்கள், அடுத்ததற்குத் தாவாதீர்கள்.

கிளையன்ட் ஏன் வருவதை நிறுத்துகிறார் என்பதை அவரிடமே கேட்கலாம். ‘செஷன் ரேட்டிங் ஸ்கேல்’ என்று நான்கே கேள்வி உள்ள தாள் ஒன்று உண்டு. செஷன் முடியும்போது ஒரு நிமிடத்தில் நிரப்பிவிடலாம். நம்மவர்கள் மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண் போடுவார்கள். “எது கொஞ்சம் சரியா வரலை?” என்று அப்போதே வாயாலும் கேளுங்கள்.

28,000 ரூபாயை ஒரு நல்ல சூப்பர்வைசருக்கு, அதாவது உங்கள் செஷன்களைப் பார்த்து வழிகாட்டும் மூத்த தெரபிஸ்டுக்குக் கொடுங்கள், பல மாதம் வரும். இதிலும் ஏமாற்று உண்டு: கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் தன் பெருமை பேசிவிட்டு, கடைசியில் சர்டிபிகேட்டும் தருபவர்கள் இருக்கிறார்கள். முதல் போனிலேயே, “என் பதிவைக் கேட்பீர்களா, என்னை வைத்துப் பேசிப் பழக்குவீர்களா?” என்று கேளுங்கள். “கேஸைச் சொன்னாலே போதும்” என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.