ஐ கானூம் மாதிரி: கோயிலை மாற்றுங்கள்

ஆப்கானிஸ்தானில் உள்ள பண்டைய கிரேக்கக் குடியேற்ற நகரமான ஐ கானூமுக்கு நீங்கள் செய்யும் சிறிய மாதிரி வடிவத்தில் முக்கோண முகப்புக் கோயிலும் சதுரக் கட்டத் தெருக்களும் வைத்தும் ஏதோ உறுத்துகிறது என்று கேட்டிருந்தீர்கள். உறுத்துவது கோயில்தான். அங்குள்ள பிரதான கோயில் மெசப்பொத்தேமிய அமைப்பு: மூன்று படி மேடை, தடித்த சுடாத செங்கல் சுவர், வெளிச்சுவரில் வரிசையாக உள்வாங்கிய மாடங்கள். கூரையைத் தட்டையாகவே போடுங்கள். ஆனால் உள்ளே நின்ற சிலை கிரேக்கப் பாணி. மிஞ்சியது ஒரு பளிங்குப் பாதம். அதன் செருப்பில் சிறகுள்ள இடியாயுதம் செதுக்கியிருக்கிறது. இந்தக் கலப்புதான் அந்த ஊரின் உயிர், அதை இழக்காதீர்கள்.

தெருவுக்கு, மலைக்கோட்டை அடிவாரத்தை ஒட்டி நேராக ஓடும் ஒரு பெருவீதி போதும். அரங்கம் மலைச்சரிவில், அதன் இருக்கைப் படிகளும் சுடாத செங்கல்தான். உடற்பயிற்சிக் கூடம் ஆற்றோரம். கல் நிறத்தைக் கொரிந்தியத் தூண்களுக்கு (தலையில் இலை வேலைப்பாடு உள்ள கிரேக்கத் தூண்கள்) வைத்துக்கொள்ளுங்கள், சுவர்களுக்கு மண்ணின் நிறம்.