ஆப்பிள்: பொருள் வாங்கலாமா, பங்கு வாங்கலாமா?

கேள்வி: ஐந்து வருடமாக மேக்புக் வைத்திருக்கிறேன், ஒரு கோளாறும் இல்லை. இவ்வளவு நல்ல பொருள் செய்கிற ஆப்பிளின் பங்கைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்தானே?
- வாசகர், கோவை

பதில்: திறந்துகொண்டே வாங்குங்கள். உங்கள் மேக்புக் நன்றாக உழைப்பதால் பங்கு ஏறிவிடாது. 2024 செப்டம்பரில் முடிந்த நிதியாண்டில் ஆப்பிளின் மொத்த விற்பனை 39,100 கோடி டாலர். அதில் மேக் கம்ப்யூட்டர்களின் பங்களிப்பு சுமார் 3,000 கோடிதான், 8 சதவிகிதம்கூட இல்லை. பாதிக்குமேல் ஐபோன். கால்வாசி சேவைகள்: ஆப் ஸ்டோரில் ஆப் விற்பவர்களிடம் பிடிக்கும் கமிஷன், இணையத்தில் கோப்பு சேமிக்கும் ஐகிளவுட், விளம்பரம் போன்றவை. 100 டாலருக்குப் பொருள் விற்றால் அடக்கவிலை போக மிஞ்சும் மொத்த லாபம் 37 டாலர், சேவையில் 74. அதனால் அந்தக் கால்வாசி விற்பனை, மொத்த லாபத்தில் கிட்டத்தட்ட 40 சதவிகிதத்தைக் கொண்டுவருகிறது. பங்கு வைத்திருப்பவர் தூக்கம் கெட வேண்டியது ஆப் ஸ்டோர் கமிஷன் வழக்குகளை நினைத்து. கீபோர்டை நினைத்து அல்ல.

பொருளில் கிடைக்கும் அந்த 37 டாலர் எப்படி வருகிறது என்பதற்கு ஒரு உதாரணம். 2025-இல் எம்4 சிப் போட்ட மேக்புக் ஏர் வந்தபோது, அமெரிக்க விலைப்படி ரேமை (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்) 16 ஜி.பி.யிலிருந்து 24 ஆக்க 200 டாலர். கோப்புகளைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யை 256-இலிருந்து 512 ஆக்க இன்னொரு 200. பங்குதாரர் கைதட்டும் லாபத்தை கவுன்டரில் கட்டுவது நீங்கள்தான். ரேம் பிராசஸரோடு ஒட்டியே வருவதால் பிறகு கூட்ட முடியாது. அதற்கு மட்டும் முதலிலேயே செலவு செய்யுங்கள். இடம் போதாவிட்டால் வெளியே செருகும் எஸ்.எஸ்.டி. போதும்.

கேள்வி: கம்ப்யூட்டர் கம்பெனி சொந்தக் கடை திறந்தால் அது பங்குக்கு நல்ல செய்தியா?
- வாசகர், சேலம்

பதில்: கேட்வேயைக் கேட்டால் வேறு கதை சொல்லும். மாட்டுத்தோல் புள்ளி போட்ட பெட்டிகளால் பேர் வாங்கிய அமெரிக்க கம்பெனி. போனில் ஆர்டர் எடுத்து நேரடியாக அனுப்பி வளர்ந்தது. 1996 முதல் 'கேட்வே கன்ட்ரி' என்று கடை கடையாகத் திறந்தது. கோளாறு எங்கே என்றால், கடைக்குப் போய் மெஷினைத் தொட்டுப் பார்க்கலாம், ஆர்டர் கொடுக்கலாம். பெரும்பாலும் கையோடு எடுத்துவர முடியாது, ஃபாக்டரியில் செய்து பிறகு அனுப்புவார்கள். நேரடி விற்பனையின் லாபமே கடை வாடகை இல்லாததுதான். கடையின் லாபம், பணம் கொடுத்ததும் பெட்டி கைக்கு வருவது. கேட்வே இரண்டையும் கோட்டைவிட்டது. 2004 ஏப்ரலில் மிச்சமிருந்த 188 கடைகளையும் மூடியது. 2007-இல் ஏசர் 71 கோடி டாலருக்கு வாங்கிப்போட்டது. டெல்லும் மால்களில் ஆர்டர் மட்டும் எடுக்கும் சிறு கடைகள் வைத்திருந்தது. 2008 ஜனவரியில் அமெரிக்காவில் இருந்த 140-ஐயும் மூடியது.

ஆப்பிள் 2001 மே 19 அன்று வர்ஜீனியாவிலும் கலிஃபோர்னியாவிலும் முதல் இரண்டு கடைகளைத் திறந்தது. பின்னறையில் சரக்கு, உள்ளே பழுதுபார்க்கும் மேஜை. அப்படியிருந்தும் கடைப் பிரிவு 2002-இல் 2.2 கோடி டாலர் நஷ்டம், 2003-இல் 50 லட்சம் நஷ்டம். 2004-இல் 118.5 கோடிக்கு விற்று 3.9 கோடி லாபம், நூற்றுக்கு மூன்றுதான்! இப்போது கடைக் கணக்கைத் தனியாகத் தருவதில்லை. 2024-இல் கடை, இணையம் உட்பட நேரடி விற்பனை 38 சதவிகிதம். மீதி 62 மற்றவர்கள் வழியாக. ஷோரூமில் கூட்டத்தை எண்ணிப் பங்கை எடைபோடாதீர்கள்.

கேள்வி: ஆண்டறிக்கையைத் திறந்தால் தலை சுற்றுகிறது. எதை முதலில் பார்ப்பது?
- வாசகர், மதுரை

பதில்: சரக்கிருப்பை. கம்ப்யூட்டர் உதிரிபாகம் கிடங்கில் கிடக்கக் கிடக்க விலை இறங்கும். சரக்கிருப்பை விற்ற பொருளின் அடக்கவிலையால் வகுத்து 365-ஆல் பெருக்குங்கள். ஆப்பிள், 2024: 729 கோடி ÷ 21,035 கோடி × 365 = சுமார் 13 நாள் விற்பனைக்கான சரக்கு. இது முந்தைய வருடங்களைவிடத் திடீரென எகிறினால் புதிய மாடல் விற்கவில்லை என்று சந்தேகப்படலாம்.

அடுத்து, அதே 2024 கணக்கில் வாடிக்கையாளரிடமிருந்து பணம் வர 31 நாள், சப்ளையருக்குப் பணம் கொடுக்க 120 நாள் ஆகிறது. 13 + 31 - 120 = மைனஸ் 76. அடுத்தவர் பணத்தில் தொழில் நடக்கிறது என்று பலரும் இங்கேயே வியந்து நின்றுவிடுவார்கள். நிற்காதீர்கள். ஆப்பிள் சில பாகங்களைத் தானே வாங்கி, பொருத்தித் தரும் கம்பெனிகளுக்கு விற்கிறது. அவர்கள் ஆப்பிளுக்குத் தரவேண்டிய பாக்கி, 3,283 கோடி டாலர், தனி வரியில் இருக்கிறது. அது இன்னொரு 57 நாள். சேர்த்தால் மைனஸ் 19 ஆகிவிடும். இன்னமும் நல்ல எண்தான், அதிசயம் இல்லை.

மூன்றாவது, 'பங்கு ஒன்றுக்கு லாபம்' என்ற எண்ணை மட்டும் நம்பவேண்டாம். 2024-இல் நிகர லாபம் 9,700 கோடியிலிருந்து 9,370 கோடியாக, 3 சதவிகிதத்துக்குமேல் குறைந்தது. பெரிய காரணம் ஐரோப்பாவில் கட்ட நேர்ந்த பழைய வரி. பங்கு ஒன்றுக்கோ 6.13-இலிருந்து 6.08 டாலர், ஒரு சதவிகிதம்கூட இல்லை. கம்பெனி தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கி எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே வருவதால் வரும் வித்தியாசம் அது.

கேள்வி: ஆப்பிள் கடையிலேயே வாங்குவது நல்லதா?
- வாசகர், நியூ ஜெர்சி

பதில்: விலைக்காக என்றால் வேண்டாம். பெஸ்ட் பை, காஸ்ட்கோ போன்ற அமெரிக்கக் கடைகளில் அதே மாடல் பலநேரம் மலிவு. ஆப்பிளின் ஒரு வருட வாரன்டி அங்கேயும் உண்டு. திருப்பிக் கொடுக்க ஆப்பிளில் 14 நாள், காஸ்ட்கோவில் கம்ப்யூட்டருக்கு 90 நாள். கூடுதல் ரேம் போட்டுக் கேட்டு வாங்கவோ, ஆப்பிளே புதுப்பித்து வாரன்டியோடு விற்கும் மெஷின் வாங்கவோ என்றால் அவர்களிடமே போங்கள்.

கேள்வி: இங்கிருந்து அமெரிக்கப் பங்கு வாங்கினால் வரி?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: வருடத்துக்கு 2.5 லட்சம் டாலர்வரை அனுப்பலாம். முதலீட்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்குமேல் அனுப்பினால் அதிகப்படித் தொகைக்கு வங்கி 20 சதவிகிதம் வரியாகப் பிடிக்கும். கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். கம்பெனி பங்குதாரருக்குத் தரும் டிவிடெண்டில் அமெரிக்காவில் 25 சதவிகிதம் வரியாகப் போகும். அதை இங்கே வரியில் ஈடுகட்டத் தனிப் படிவம் உண்டு. 24 மாதத்துக்குமேல் வைத்திருந்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவிகிதம். ஒரே ஒரு பங்கு வைத்திருந்தாலும் வருமானவரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்துப் பகுதியில் காட்டுங்கள். அமெரிக்கப் பங்குகளின் மதிப்பு 60,000 டாலரைத் தாண்டினால், உங்களுக்குப் பின் வாரிசுகள் அமெரிக்க எஸ்டேட் வரிக்கு (இறந்தவர் விட்டுச்சென்ற சொத்துமீதான வரி) பதில் சொல்ல வேண்டிவரும். அதற்குமுன் ஆடிட்டரைப் பாருங்கள்.