மரபா, வளர்ப்பா? குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்

ஈரோடு வாசகி: பிள்ளையின் அறிவில் மரபு எத்தனை சதவீதம், வளர்ப்பு எத்தனை சதவீதம்?

ஒரு பிள்ளைக்குள் அப்படிப் பாகம் பிரிக்க முடியாது. பீனைல்கீட்டோனூரியா என்றொரு நோய். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் வரும். புரத உணவில் உள்ள பீனைல்அலனின் சிதையாமல் ரத்தத்தில் தேங்கி மூளையைக் கெடுக்கும். 1934-இல் நார்வேயில் ஒரு தாய், தன் இரண்டு பிள்ளைகளின் சிறுநீரில் ஏதோ வாடை வீசுகிறது என்று மருத்துவர் ஃபோலிங்கிடம் போனார். அவர் அதில் ஃபெரிக் குளோரைடு என்ற ரசாயனத்தை விட்டார், பச்சையாக மாறியது. நோய் பிடிபட்டது இப்படித்தான். அந்தப் பிள்ளைகளுக்குக் காலம் கடந்துவிட்டிருந்தது. இன்று பிறந்த சில நாளில் குதிகாலில் சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்து, உணவை மாற்றினால் பிள்ளை நன்றாகப் படிக்கும். மரபணு அதேதான், தட்டில் இருப்பதுதான் வேறு. இதில் யாருக்கு எத்தனை சதவீதம் கொடுப்பீர்கள்?

நம் நாட்டில் எல்லா மருத்துவமனையிலும் இந்தச் சோதனையைத் தாமாகச் செய்வதில்லை. கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

சேலம் வாசகர்: மாமன் மகளைக் கட்டலாமா?

உங்கள் இருவருக்கும் மரபணுவில் சுமார் எட்டில் ஒரு பங்கு பொது. மேலே சொன்ன மாதிரி நோய்கள் வர வாய்ப்பு கூடும். குடும்பத்தில் அப்படி யாராவது இருந்தால், நிச்சயத்துக்கு முன்பே மரபியல் ஆலோசகரைப் பாருங்கள். குழந்தை பிறந்தால் குதிகால் சோதனையை மறக்காதீர்கள்.

மதுரை ஆசிரியர்: உயரம் 80 சதவீதம் மரபு என்கிறார்கள். அப்புறம் சத்துணவு எதற்கு?

தென்கொரியப் பெண்கள் 100 ஆண்டுகளில் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்தார்கள். நாலைந்து தலைமுறையில் மரபணு அவ்வளவு மாறாது. சோறும் சுகாதாரமும் மாறின.

மீண்டும் அவரே: அப்படியானால் அந்த 80 பொய்யா?

பொய்யில்லை சார். அது ஒரு கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தின் கணக்கு. எல்லா வீட்டிலும் நல்ல சாப்பாடு இருக்கும் ஊரில் வித்தியாசத்துக்கு மரபுதான் பெரிய காரணமாக மிஞ்சும், எண் ஏறும். சில வீடுகளில் மட்டும் பட்டினி என்றால் எண் இறங்கும். ஆக, உங்கள் எண் 80-ஆக இருப்பதற்கே எல்லோருக்கும் சத்துணவு வேண்டும்.

திருச்சி வாசகர்: அப்பா குடிகாரர். எனக்கும் எத்தனை சதவீதம் வாய்ப்பு?

மறுபடியும் சதவீதமா? மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம், விதி இல்லை. முதல் கிளாஸையே தொடாதீர்கள் தம்பி. இன்னும் நான்கு பேர் சதவீதம் கேட்டிருக்கிறீர்கள். முதல் பதிலைப் படியுங்கள்.

நெல்லை வாசகி: மகனுக்கு 2 வயது, பேச்சே வரவில்லை. அவன் அப்பாவும் தாமதம்தானாம். காத்திருக்கலாமா?

வேண்டாம் அம்மா. இந்த வாரமே அவனுக்குக் காது நன்றாகக் கேட்கிறதா என்று பரிசோதியுங்கள்.