கைடு வைத்தால் குறி தப்பாதா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 62. கீழ்த்தாடையில் வலது பக்கம் கடைசி இரண்டு கடைவாய்ப்பற்களையும் எடுத்தாகிவிட்டது. இம்ப்ளான்ட் வைக்கலாம் என்று போன இடத்தில், "கம்ப்யூட்டர் கைடு போட்டுச் செய்தால் நூறு சதவீதம் துல்லியம், நரம்பில் படவே படாது" என்கிறார்கள். அதற்குத் தனியாக 12,000 ரூபாய் கேட்கிறார்கள். எங்கள் பழைய பல் மருத்துவரோ, "அதெல்லாம் வேண்டாம்மா, கையாலேயே வைத்துவிடலாம்" என்கிறார். யாரை நம்புவது?
(வாசகி, ஈரோடு)

பதில்: இரண்டு பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்த "நூறு சதவீதம்" மட்டும் பொய்.

இம்ப்ளான்ட் என்பது செயற்கைப் பல்லைத் தாங்குவதற்காகத் தாடை எலும்பில் பதிக்கும் திருகு. கைடு என்பது பற்களின் மேல் கவ்வி உட்காரும் ஒரு பிளாஸ்டிக் அச்சு. தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேனில் எலும்பும் நரம்பு போகும் பாதையும் தெரியும். வாயை ஸ்கேன் செய்தோ அளவு எடுத்தோ பல், ஈறு வடிவத்தைப் பெறுவார்கள். இரண்டையும் கம்ப்யூட்டரில் ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி, இம்ப்ளான்ட் எங்கே, எவ்வளவு ஆழம், என்ன சாய்வு என்று முடிவு செய்து, அதற்கேற்ற ஓட்டையோடு அச்சை 3டி பிரின்டரில் எடுப்பார்கள். அந்த ஓட்டை வழியாகத்தான் டிரில் இறங்கும்.

தையல்காரர் கதைதான் இது. அளவு எடுப்பதில் ஒரு நூல், வெட்டுவதில் ஒரு நூல், தைப்பதில் ஒரு நூல் பிசகினால் சட்டை எங்கேயோ போய் நிற்கும். ஸ்கேன் எடுக்கும்போது அம்மா லேசாக அசைந்தாலோ, பழைய உலோக கேப் படத்தில் கோடு கோடாக விழுந்தாலோ, அச்சு முழுதாக உட்காராமல் அரை மில்லிமீட்டர் தூக்கி நின்றாலோ, எல்லாம் சேர்ந்து இம்ப்ளான்டின் நுனியில்தான் தெரியும்.

எவ்வளவு பிசகும்? பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, கைடு வைத்துப் பொருத்திய 2,238 இம்ப்ளான்டுகளைக் கணக்கெடுத்தது. திட்டமிட்ட இடத்திலிருந்து விலகல் சராசரியாக எலும்பில் நுழையும் இடத்தில் 1.2 மி.மீ., அடிநுனியில் 1.4 மி.மீ., சாய்வில் 3.5 டிகிரி. 1.4 மி.மீ. என்பது கிட்டத்தட்ட ஒரு ரூபாய் நாணயத்தின் கனம். மோசமில்லை. கையால் வைப்பதைவிடச் சராசரியில் இது மேல்தான், முக்கியமாகச் சாய்வில். ஆனால் சராசரியை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. 2014இல் வந்த இன்னொரு தொகுப்பில் அடிநுனியில் பதிவான அதிகபட்ச விலகல் 7.1 மி.மீ.! பிசகு கீழ்நோக்கித்தான் என்றில்லை, பக்கவாட்டிலும் போகலாம். இருந்தாலும் இதனால்தான் நரம்புக்கு மேலே குறைந்தது 2 மி.மீ. விட்டுத் திட்டமிடச் சொல்கிறார்கள்.

உங்கள் அம்மா விஷயத்தில் இன்னும் ஒரு சங்கடம். இரண்டு பக்கமும் பல் இருந்து நடுவில் ஒன்று இல்லையென்றால் அச்சு நன்றாகக் கவ்வி நிற்கும். கடைசிப் பற்களே இல்லாதபோது பின்பக்கம் பிடிமானமில்லாமல் தொங்கும், அழுத்தினால் அசையும். அப்புறம், அச்சின் உயரத்துக்காக டிரில் நீளமாக இருக்க வேண்டும். கடைவாய்க்குள் அதை நுழைக்க வாய் நன்றாகத் திறக்க வேண்டும், 62 வயதில் சிலருக்கு அது முடியாது. அச்சு மறைப்பதால் குளிர்விக்கும் தண்ணீரும் சரியாக உள்ளே போகாமல் இருக்கலாம். எலும்பு 47 டிகிரி செல்சியஸ் சூட்டை ஒரு நிமிடம் தாங்கினாலே பழுதாகிவிடும். எனவே பணம் கட்டுவதற்கு முன்பே, "அம்மா வாய் திறக்கிற அளவுக்கு டிரில் உள்ளே போகுமா?" என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

யாரை நம்புவது என்பதை ஸ்கேன்தான் சொல்ல வேண்டும். எலும்பு அகலமாக இருந்து, இம்ப்ளான்டின் நுனிக்கும் நரம்புக்கும் நடுவே நாலைந்து மில்லிமீட்டர் இருந்தால், அனுபவமுள்ள உங்கள் பழைய மருத்துவர் கையாலேயே வைக்கலாம். 12,000 ரூபாய் மிச்சம். ஆனால் அவரும் ஸ்கேன் பார்க்காமல் சொல்லியிருந்தால் அதை ஏற்க வேண்டாம். இடம் இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான், எலும்பும் ஒல்லி என்றால் கைடுக்குக் கொடுக்கும் பணம் வீணில்லை. எந்த வழியானாலும், முதல் டிரில் போட்டதும் நடுவில் ஒரு எக்ஸ்ரே எடுத்து ஆழம் பார்ப்பார்களா என்று கேளுங்கள். கைடு இருக்கிறது என்று அதை விட்டுவிடுபவரிடம் நான் போகமாட்டேன்.

இன்னொன்று, பலரும் கேட்க மறப்பது. கைடிலேயே இரண்டு வகை உண்டு. முதல் டிரிலுக்கு மட்டும் வழிகாட்டி மீதியைக் கையால் செய்வது ஒன்று. கடைசியில் இம்ப்ளான்டை இறக்குவது வரை அச்சு வழியாகவே செய்வது இன்னொன்று. பின்னதில்தான் துல்லியம் அதிகம். 12,000 ரூபாய் எதற்கு என்று எஸ்டிமேட்டில் எழுதி வாங்குங்கள். வாய் திறப்பு போதாமல் கடைசி நேரத்தில் கைடைக் கழற்றி வைத்துவிட்டால் அந்தப் பணம் திரும்பி வருமா என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

இம்ப்ளான்ட் டப்பாவில் கம்பெனி பெயர், லாட் எண் போட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதை அம்மாவின் ஃபைலில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். ஸ்கேனையும் வெறும் பிரின்டாக இல்லாமல், வேறு மருத்துவரும் கம்ப்யூட்டரில் திறந்து பார்க்கக்கூடிய டைகாம் கோப்பாக வாங்கிக்கொள்ளுங்கள். அதை எடுத்துக்கொண்டு முதலில் உங்கள் பழைய மருத்துவரிடம் போகலாம்.