'ஹவுண்ட் டாக்': திட்டு வாங்கிய ஆளும் தொப்பி போட்ட நாயும்

கேள்வி: பழைய ப்ளூஸ் பாடல்களில் உங்களைச் சிரிக்க வைத்தது எது?

ப்ளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை. அதில் கறுப்பினப் பாடகி பிக் மாமா தார்ன்டன் பாடிய 'ஹவுண்ட் டாக்'. எத்தனை முறை கேட்டாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

1952 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் பதிவானது. எழுதிய ஜெர்ரி லீபர், மைக் ஸ்டோலர் இருவருக்கும் அப்போது 19 வயது. வேட்டை நாய் என்று அந்த அம்மா திட்டுவது ஓர் ஆளை. ஓசிச் சோற்றுக்காக வாசலையே சுற்றிச் சுற்றி வருகிறவன். நீ வாலை ஆட்டினாலும் இனி சோறு கிடையாது என்று விரட்டுகிறார். கோபத்துக்கு நடுவே அவர் குரலில் ஒரு குதூகலம் தெரியும் பாருங்கள், அதுதான் பாட்டின் உயிர். முடிவில் வாத்தியக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து குரைத்து ஊளையிடுவார்கள்!

1953-ல் அமெரிக்காவின் ரிதம் அண்ட் ப்ளூஸ் ஹிட் பாடல் பட்டியலில் ஏழு வாரம் முதலிடம். உடனே ரூஃபஸ் தாமஸ் என்ற பாடகர் அந்த ஆளின் சார்பில், அதே மெட்டில், 'பேர் கேட்' என்று எதிர்ப்பாட்டுப் பாடினார். நாய் என்றவளுக்குப் பூனை என்று பதில். மெட்டை எடுத்துக்கொண்ட விவகாரம் கோர்ட்டு வரை போய், பூனை தோற்றது.

பிறகு எல்விஸ் பிரெஸ்லி. லாஸ் வேகஸில் ஒரு குழு வரிகளை மாற்றிப் பாடியதைக் கேட்டு எடுத்துக்கொண்டார். அதில் ஆள் காணாமல் போய், முயல் பிடிக்கத் தெரியாத நிஜ நாயே வந்துவிட்டது. 1956 ஜூலை 1 அன்று ஸ்டீவ் ஆலனின் டிவி நிகழ்ச்சியில் எல்விஸுக்கு விருந்துக் கோட்டும் வெள்ளை டையும் மாட்டி, எதிரே ஒரு பாசெட் நாயைத் தொப்பியோடு உட்கார வைத்தார்கள். காது தொங்க அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்க, இவர் அதன் முகத்தைப் பார்த்துப் பாடினார். மறுநாள் ரெக்கார்டிங்; பாட்டு உலகப் புகழ்.

அந்த மாதமே ஸ்டோலர் வந்த 'ஆண்ட்ரியா டோரியா' கப்பல் மூழ்கியது. உயிர் தப்பி நியூயார்க்கில் இறங்கியவரிடம் லீபர் சொன்ன சேதி: நம் 'ஹவுண்ட் டாக்' பெரிய ஹிட்! பிக் மாமா பாடியதா என்று கேட்டிருக்கிறார் ஸ்டோலர். இல்லை, யாரோ ஒரு வெள்ளைக்காரப் பையன் என்று பதில்.

இந்தப் பாட்டுக்குத் தனக்குக் கிடைத்தது 500 டாலர் செக் ஒன்றே ஒன்றுதான் என்றார் தார்ன்டன். அது மட்டும் எனக்கு ஆறவே இல்லை. எல்விஸ் பாடியதைத்தான் கேட்டிருக்கிறீர்கள் என்றால், இன்று இரவே தார்ன்டன் பாடியதைப் போடுங்கள். கடைசிக் குரைப்பு வரும்வரை நிறுத்தாதீர்கள்.